வெள்ளையாக விடப்பட்ட கடல்

மண்டபத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் இரண்டு கடல்களும் தெரியும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்ப் பேச்சில் அவை வடகடலும் தென்கடலும். வயதானவர்களின் பேச்சில் பெண்கடலும் ஆண்கடலும். ஆடி மாதத்தில் ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும்போது பெண்கடல் ஊருணி மாதிரிக் கிடக்கும். கார்த்திகையில் வாடை இறங்கியதும் வடகடல் கலங்கி, தென்கடல் அடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த எனக்குப் பருவக்காற்றை விளக்கக் கரும்பலகை பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. பிள்ளைகளை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னால் போதும்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கணினியில் ஒரு வரைபடத்தைப் பார்த்தேன். 1750 முதல் 1850 வரையிலான நூறு ஆண்டுகளில் ஆங்கிலேய, டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களின் பதிவேடுகளில் இருந்த காற்றுக் குறிப்புகளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2001 முதல் 2003 வரை பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி ஒரே தரவுத்தளமாக்கினார்கள். அதன் சுருக்கப் பெயர் ‘கிளைவாக்’. அதில் ஏறத்தாழ 2,80,000 பதிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவும் வரைபடத்தில் ஒரு புள்ளி. அட்லாண்டிக்கில் புள்ளிகள் நெருங்கிக் கறுத்துக் கிடந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு இந்தியப் பெருங்கடலில் ஏறி, இலங்கையின் தென்முனையை வளைந்து, அதன் கிழக்குக் கரை வழியாகச் சென்னைக்கும் வங்காளத்துக்கும் எறும்புச் சாரி போல ஒரு வரிசை போனது. நான் மண்டபத்தைத் தேடினேன். என் மொட்டை மாடியிலிருந்து தெரியும் இரண்டு கடல்களும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தன.

காரணம் புரியாமல் போகவில்லை. சேது என்று நாம் சொல்லும் மணல் திட்டுகளின் மேல் சில இடங்களில் இடுப்பளவு நீர்தான் உண்டு. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்தும் வேலையே 19-ஆம் நூற்றாண்டில்தான் நடந்தது. சரக்கேற்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலுக்கோ இருபது அடி ஆழமாவது வேண்டும். ஆகவே மேற்கிலிருந்து வந்த பெரிய கப்பல் எதுவும் நம் வாசலுக்குள் நுழையாமல் இலங்கையைச் சுற்றிக்கொண்டே போயிற்று. கடல் வெறுமையாக இருந்தது என்பது இதற்குப் பொருள் ஆகாது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரை சீதக்காதியின் கப்பல்கள் வங்காளத்துக்கும் மலாக்காவுக்கும் போய்வந்தன. தோணிகளும் வள்ளங்களும் இங்கே நாள்தோறும் ஓடின. கிளைவாக் தொகுப்புக்கு எடுக்கப்பட்டவை நான்கு ஐரோப்பிய நாடுகளின் ஏடுகள் என்பதால் நம்முடைய ஓட்டம் அதில் புள்ளியாகவில்லை, அவ்வளவுதான்.

இருந்தாலும் அந்தப் பதிவேடுகளின்மேல் எனக்குப் பற்று வந்துவிட்டது. அதற்குக் காரணம் அவற்றின் கஞ்சத்தனமான நேர்த்தி. இடது ஓரத்தில் மணி. அடுத்து கப்பலின் வேகம். அடுத்து ஓடிய திசை. அடுத்து காற்றின் திசை. வலப்பக்கம் மிச்சமிருக்கும் இடத்தில் ‘குறிப்பு’. வேகத்தை அளக்க, விசிறி வடிவ மரத்துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பின்புறம் நீரில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி ஓடும் மணல் கடிகை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறதோ, கப்பல் மணிக்கு அத்தனை கடல்மைல் ஓடுகிறது. அந்த மரத்துண்டின் ஆங்கிலப் பெயர்தான் ‘லாக்’; அது சொன்ன கணக்கை எழுதி வைத்த ஏடு ‘லாக் புத்தகம்’ ஆயிற்று. இன்றும் நம் விசைப்படகில் ஜிபிஎஸ் கருவி காட்டும் ‘நாட்’ அந்தக் கயிற்று முடிச்சுதான்.

காற்றைப் பற்றி யாருக்கும் உதவ வேண்டும் என்று நினைத்து மாலுமிகள் அதை எழுதவில்லை. கரை தெரியாத கடலில் தான் இருக்கும் இடத்தைக் கணிக்க, எந்தத் திசையில் எத்தனை மணி நேரம் என்ன வேகத்தில் ஓடினோம் என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குக் காற்று வேண்டும். கணக்குத் தப்பினால் கப்பல் பாறையில் ஏறும். உயிர்ப்பயத்தில் எழுதிய குறிப்பு என்பதாலேயே அதை நம்பலாம் என்பது என் எண்ணம். மதிப்பெண்ணுக்காக எழுதும் செய்முறைப் பதிவேட்டைத் திருத்தியே காலம் கழித்தவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆனால் நம்புவதற்கு முன் பல சிக்கல்களை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. முதலாவது, நாள். கப்பலில் நாள் நண்பகலில் தொடங்கியது. நம் கணக்கில் 4-ஆம் தேதி மதியம் வந்த சூறையைக் கப்பல் ஏடு 5-ஆம் தேதியில் எழுதியிருக்கும். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805-இல்தான் கைவிட்டது. அடுத்தது, இடம். கிரீன்விச் எல்லோருக்கும் பொதுவாவதற்கு முன் டச்சுக்காரர் தெனெரீஃப் தீவிலிருந்தும் பிரெஞ்சுக்காரர் பாரிஸிலிருந்தும் தீர்க்கரேகையை எண்ணினார்கள்; பல மாலுமிகள் கடைசியாகக் கண்ணில் பட்ட முனையையே பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். காற்றுத் திசையைக் காட்டிய காந்த ஊசியும் உண்மை வடக்கைக் காட்டுவதில்லை, அதன் விலகல் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது. அந்த விலகலையும் இதே மாலுமிகள் அளந்து எழுதி வைத்திருந்ததால், அவற்றைத் திரட்டி 1590 முதலான நான்கு நூற்றாண்டுகளுக்குப் பூமியின் காந்தப்புலத்தையே ஆய்வாளர்கள் மீட்டுவிட்டார்கள். ஒரு பத்தியில் இருந்த தப்பைப் பக்கத்துப் பத்தி திருத்திக் கொடுத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சொல். காற்று எவ்வளவு வலுவாக அடித்தது என்பதை எண்ணாக எழுதும் வழக்கம் பின்னால் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் தன் அளவுகோலை 1806 வாக்கில் தனக்காக வகுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் கடற்படை முழுவதும் அதைக் கட்டாயமாக்கியது 1838-இல். அதற்கு முந்தைய ஏடுகளில் இருப்பவை அடைமொழிகள் மட்டுமே: இளங்காற்று, மிதமான காற்று, புத்துணர்ச்சியான காற்று, விறைப்பான காற்று. ஒரு மாலுமியின் விறைப்பும் இன்னொருவருடைய விறைப்பும் ஒன்றா? கிளைவாக் குழுவினர் நான்கு மொழிகளின் காற்றுச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் போஃபர்ட் அளவில் எந்த எண்ணுக்குச் சமம் என்று ஓர் அகராதியே தயாரித்தார்கள். அது சாத்தியமானதற்குக் காரணம், மாலுமிகள் கவிஞர்களாக இல்லாமல் போனதுதான். ஒரு தலைமுறை எழுதிய சொற்களையே அடுத்த தலைமுறையும் அப்படியே எழுதியது.

நம் கடற்கரையிலும் அப்படித்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். இரண்டுக்கும் நடுவில் அடித்தால் வாடைக்கொண்டல் என்று சேர்த்துச் சொல்வோம். காற்று தொடங்கினால் ‘எடுத்துருச்சு’, நின்றால் ‘விழுந்துருச்சு’. இந்தச் சொற்களும் அளவுகோலுக்கு உரியவைதாம். அவற்றை எண்ணோடு பொருத்திப் பார்க்க யாரும் உட்காரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பொருத்தம் பாம்பனில் இருந்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். போஃபர்ட் அளவில் அது 7. எத்தனை பாயை எவ்வளவு சுருக்கினால் போர்க்கப்பல் தாங்கும் என்று போஃபர்ட் கணக்கிட்டாரே, அதே கேள்வியைத்தான் நூறு ஆண்டுகள் கழித்து ஒரு ரயில் பெட்டிக்குக் கேட்டிருக்கிறார்கள்.

நானும் கொஞ்ச காலம் பதிவேடு பெயர்த்தெழுதினேன். 2010-இல் தொடங்கிய ‘ஓல்டு வெதர்’ என்ற தன்னார்வத் திட்டத்தில், முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் ஏடுகளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வாசித்துத் தட்டச்சு செய்யலாம். அந்தப் படங்கள் சிலவற்றை நான் சேமித்து வைத்திருந்தேன். அதற்குள் எண்கள் வந்துவிட்டிருந்தன. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காற்றின் திசை, வலு, பாரமானி, காற்றின் வெப்பம், கடல்நீரின் வெப்பம். வானிலைக்கு ஓரெழுத்துக் குறி: நீல வானத்துக்கு ‘பி’, மேகத்துக்கு ‘சி’, மழைக்கு ‘ஆர்’, சூறைக்கு ‘கியூ’, மின்னலுக்கு ‘எல்’. இலங்கைக்குத் தெற்கே போன ஒரு கப்பலின் பக்கத்தில் பாரமானி 29.35 அங்குலம் என்று இருப்பதைப் பார்த்து எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. மில்லிபாரில் அது 994. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புயலைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் என் பழைய மாணவன் ஒருவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“சார், அந்த வரியில காத்து எத்தனைன்னு போட்டிருக்கு?”

“மூணு.”

“வானம்?”

“பி, சி.”

“நீல வானம், மூணாம் நம்பர் காத்து. அப்புறம் எப்படி சார் புயல்?”

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது அது 29.85 என்று தெரிந்தது. எட்டின் இடப்பக்கத்தில் பேனா மை இழுக்காமல் விட்டதால் அது மூன்றாகி நின்றது. 29.85 என்றால் 1011 மில்லிபார். அந்தக் கடலுக்கு அன்றாடச் சோறு. இதற்காகவே அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பேராவது தனித்தனியாக வாசிக்கும்படி வைத்திருந்தார்கள் என்பதால் என் புயலால் விஞ்ஞானத்துக்குச் சேதம் எதுவும் இல்லை. அன்று முதல் நான் ஒன்றைப் பழக்கிக்கொண்டேன். நம் வெப்ப மண்டலத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறி, நான்கு மணிக்கெல்லாம் இறங்கும்; ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு மூன்று மில்லிபார்தான் வித்தியாசம். அந்த மூச்சு ஒரு பக்கத்தில் தெரிந்தால் எழுத்தர் உண்மையிலேயே கருவியைப் பார்த்து எழுதியிருக்கிறார். தெரியாவிட்டால் அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

பாரமானிகள் கப்பலேறிய கதையில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. 1752-இல் பதினைந்து வயதில் சென்னைக்குக் கம்பெனி எழுத்தராகப் புறப்பட்ட அலெக்சாண்டர் டால்ரிம்பிள், 1779-இல் கம்பெனியின் கடல் வரைபடப் பொறுப்பாளர் ஆனார். கப்பல் ஏடுகளைச் சேகரிப்பதிலும் கருவிகளை வைத்து அளக்கச் சொல்வதிலும் அவர் விடாப்பிடியாக இருந்தார். அப்படிக் கருவி அளவுகளோடு வந்த கம்பெனி ஏடுகள் 891-ஐ, 1789 முதல் 1834 வரையிலானவற்றை, 2012-இல் ஓர் ஆய்வுக் குழு எண்ணாக்கி வெளியிட்டது. 2,73,000 வானிலைப் பதிவுகள். 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்துச் சூரியனை மறைத்த பிறகு வெப்பக் கடல்கள் எவ்வளவு குளிர்ந்தன என்ற கேள்விக்கு அதிலிருந்து கிடைத்த விடை: ஏறத்தாழ அரை டிகிரி. கணினி மாதிரிகள் சில அதைவிடப் பெரிய குளிர்ச்சியைக் காட்டியிருந்தன. தேயிலை ஏற்றப் போன கப்பலின் எழுத்தர் கணினியைத் திருத்தியிருக்கிறார். பிற்காலத்தில் வாளியால் நீர் மொண்டு வெப்பம் பார்த்ததில் வந்த குழப்பங்கள் தனிக் கதை; கித்தான் வாளியில் நீர் ஆறிவிடும், எஞ்சினுக்குள் இழுக்கும் நீர் சூடேறிவிடும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இராமநாதபுரம் கரைக்கு மழையும் அழிவும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான் வருகின்றன. தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்தில் அப்படிப்பட்ட இரவுகள் எத்தனை என்று அறியக் கப்பல் ஏடுகளைத்தான் நாட வேண்டும். ஆனால் அந்த மாதங்களில் பாய்மரக் கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டு ஓடிவிடும். சென்னையிலும் புதுச்சேரியிலும் துறைமுகம் என்று எதுவும் இல்லை. திறந்த கடலில் நங்கூரம் போட வேண்டும். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு அங்கே நின்றிருந்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதைத்தது. 1761 புத்தாண்டு அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றைப் புயல் விழுங்கியது. இதையெல்லாம் கண்டவர்கள் பிறகு ஐப்பசி நெருங்கினால் காத்திருக்கவில்லை. 1782-இல் பிரெஞ்சுக்காரரோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபரில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் தன் கப்பல்களைப் பம்பாய்க்கு ஓட்டிக்கொண்டு போனார். ஆக, நம் கடல் இடத்தாலும் வெள்ளை, காலத்தாலும் வெள்ளை.

ஓடத் தவறி மாட்டிக்கொண்ட கப்பல்களே இந்த விஷயத்தில் நமக்கு உபகாரிகள். கல்கத்தாவில் கப்பல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிடிங்டன், 1839 முதல் வங்கக் கடல் புயல்களில் அகப்பட்ட கப்பல்களின் ஏடுகளைக் கேட்டு வாங்கினார். ஒரே மணி நேரத்தில் ஒரு கப்பலில் காற்று வடக்கிலிருந்தும், இன்னொன்றில் கிழக்கிலிருந்தும், மூன்றாவதில் தெற்கிலிருந்தும் அடித்திருக்கும். மூன்றையும் ஒரே தாளில் குறித்தால் நடுவில் ஒரு மையம் தெரியும். மறுநாளுக்கும் அப்படியே செய்தால் மையம் நகர்ந்த வழி தெரியும். பாம்பு சுருண்டது போன்ற அந்த வடிவத்தை வைத்துத்தான் 1848-இல் அவர் ‘சைக்ளோன்’ என்ற சொல்லைக் கிரேக்கத்திலிருந்து உருவாக்கினார். இன்று அமெரிக்க விஞ்ஞானிகள் கடந்த நூற்றாண்டுகளின் வானிலையைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் அடிப்படையில் இதே வேலைதான்: தரையிலும் கப்பலிலும் அளந்த காற்றழுத்தத்தை மட்டும் கொடுத்து, அளக்காத இடங்களை இயற்பியல் விதிகளால் நிரப்புகிறார்கள்; அந்த ஓட்டம் 1836 வரை பின்னோக்கிப் போகிறது. என் வீட்டு மாடிக்கு மேல் 1840-களின் ஒரு கார்த்திகை மாதத்தில் என்ன காற்று அடித்தது என்று அதில் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் கப்பல் எதுவும் இல்லாத இடத்தில் அது ஊகம். நல்ல ஊகம், அவ்வளவே.

இந்த நேரத்தில்தான் சித்தப்பாவின் நோட்டு என் கைக்கு வந்தது. சித்தப்பா கீழக்கரை முதலாளி ஒருவருடைய பாய்மரத் தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டம். போகும்போது வெங்காயம், மிளகாய், கருவாடு, திரும்பும்போது கொப்பரை. 1968 முதல் 1974 வரையிலான தோணிக் கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது. எழுதியவர் கணக்குப்பிள்ளை. கடைசிப் பருவத்துச் சம்பளக் கணக்கு தீரவில்லை என்பதற்காகச் சித்தப்பா அதை எடுத்து வந்து, ஐம்பது ஆண்டுகளாகத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அதில் காற்று என்ற சொல்லே கிடையாது. “புரட்டாசி 12 தூத்துக்குடி விட்டது. 14 கொழும்பு பிடித்தது” என்ற வகையில் வரிகள் போகின்றன.

முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஸ்பானியர்களின் மணிலா கப்பல்கள் நினைவுக்கு வந்தன. மெக்சிகோவின் அக்காபுல்கோவிலிருந்து மணிலாவுக்குப் போன அந்தக் கப்பல்களின் ஏடுகள் இல்லாமலே, புறப்பட்ட தேதியையும் சேர்ந்த தேதியையும் மட்டும் ஆவணங்களில் தேடி எடுத்து, பயணம் நீண்ட காலங்களில் காற்று மாறியிருந்தது என்று 2001-இல் ஓர் ஆய்வு காட்டியது. 1640-க்கும் 1670-க்கும் இடையில் பயணங்கள் 40 விழுக்காடு வரை நீண்டிருந்தன. விட்டதும் பிடித்ததும் தெரிந்தால் போதும். இடையில் இருப்பது காற்று. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கச்சான் முற்றும் வைகாசியிலிருந்து ஆவணி வரை நோட்டில் வரியே இல்லை. தோணியைக் கரையேற்றிப் பழுது பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு புரட்டாசியிலிருந்து சித்திரை வரை ஓட்டம். கம்பெனிக் கப்பல் எந்த மாதங்களில் ஓடி ஒளிந்ததோ அந்த மாதங்களில் எங்கள் தோணி கடலில் இருந்திருக்கிறது. இரண்டு கணக்குக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டு இடைவெளி இருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒட்ட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் கரையில் முதலாளிமார் வீட்டுப் பரண்களில் இதைவிடப் பழைய கணக்கு நோட்டுகள் கறையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதும் தெரியும்.

ஒரு ஐப்பசியில் மட்டும் “3 விட்டது, 10 பிடித்தது” என்று இருந்தது. இரண்டு நாள் ஓட்டத்துக்கு ஏழு நாள். பக்கத்தில் சிவப்பு மையில் “தாமதம். பேட்டா பிடித்தம் ரூ. 4”. சித்தப்பாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

“கச்சானும் விழுந்துருச்சு, வாடையும் எடுக்கலப்பா. பாய் துணி காயுற மாதிரித் தொங்குது. நீவாடு (நீரோட்டம்) வடக்க இழுத்துட்டுப் போயி, நாலாம் நாளு பாத்தா கற்பிட்டிக்கு நேரா நிக்கிறோம். குடிதண்ணிய அளந்து ஊத்துனேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: “காத்து இல்லாததுக்கு எங்கிட்ட எதுக்குப் பிடிக்கணும்?”

அந்தச் சிவப்பு மை வரிகளைத்தான் இப்போது தேடித் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிடித்தம் போட்ட இடமெல்லாம் காற்று விழுந்த இடமாகவோ எதிர்க்காற்று அடித்த இடமாகவோ இருக்கிறது. அட்டவணையில் நான்கு பத்திகள் போட்டிருக்கிறேன்: விட்டது, பிடித்தது, நாள், பிடித்தம். நான்காவதை மட்டும் சீக்கிரம் கூட்டிச் சொல்லும்படி சித்தப்பா கேட்டிருக்கிறார்.